கேட்டறிந்து கையெழுத்திடுங்கள்

(மத்தூர் வட்டாரத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



சுகாதாரத் துறையிலிருந்து நாங்கள் வந்தால் எதைப் பற்றிப் பேசுவோம் என்று உங்களுக்கு மனப்பாடம். பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி, இரும்புச் சத்து மாத்திரை, தடுப்பூசி, கழிப்பறை. இன்று பேசப் போவது வேறு விஷயம். ஆஸ்பத்திரியில் நம் உடம்பிலிருந்து எடுக்கிறார்களே இரத்தம், சதைத் துண்டு, நஞ்சுக்கொடி, கர்ப்பப்பை, இவையெல்லாம் பிறகு எங்கே போகின்றன? எடுத்து வைப்பதற்கும் ஆராய்ச்சி செய்வதற்கும் யாரிடம் கேட்க வேண்டும்? இதுதான் இன்றைய பேச்சு.

"இதெல்லாம் நமக்கு எதுக்குங்க? டாக்டருக்குத் தெரியாததா?" என்று சிலர் நினைப்பீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். முன்பு நம் பகுதியில் பிரசவம் வீட்டில் நடந்தது. நஞ்சுக்கொடியைச் சட்டியில் வைத்துக் கொல்லைப்புறத்தில் புதைத்தார்கள். அது எங்கே போனது என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். இன்று பிரசவம் ஆஸ்பத்திரியில். அது நல்லதே, தாயும் பிள்ளையும் பிழைக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாகிவிட்டது. நோய் கடுமையானால் வேலூர் போகிறோம்; ஓசூர் தாண்டிப் பெங்களூருக்குப் போகிறோம். இத்தகைய பெரிய ஆஸ்பத்திரிகளில் வைத்தியமும் நடக்கும், படிப்பும் நடக்கும், ஆராய்ச்சியும் நடக்கும். ஆகவே நம்மிடம் நீட்டப்படும் காகிதங்களும் கூடிவிட்டன. "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றதும் போட்டுவிடுகிறோம். நிலப் பத்திரத்தில் அப்படிப் போடுவோமா?

எடுத்தது எங்கே போகிறது?

உடம்பிலிருந்து எடுத்த பொருளுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, உங்கள் வைத்தியத்துக்காக. மார்பில் ஒரு கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அதில் சிறு துண்டு எடுத்து ஃபார்மலின் என்ற மருந்துநீரில் போட்டு லேப்புக்கு அனுப்புகிறார். அங்கே அதை மெழுகில் பதித்து ஒரு சிறு கட்டியாக்குகிறார்கள். அந்தக் கட்டியிலிருந்து தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய சீவல்களை எடுத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். புற்றுநோயா, சாதாரணக் கட்டியா என்பது அப்போது தெரியும். மீதி மெழுகுக் கட்டியைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருப்பார்கள். அது உங்களுக்கும் பயன்படும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால், "பழைய கண்ணாடித் துண்டும் மெழுகுக் கட்டியும் வாங்கி வாருங்கள்" என்று கேட்பார்கள். ஆகவே திசுப் பரிசோதனைச் சீட்டையும் அதில் உள்ள எண்ணையும் ரேஷன் கார்டு மாதிரிப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாம் வழி, கழிவாகப் போவது. மருத்துவக் கழிவு விதிகள் 2016-ன்படி, எடுத்த உறுப்பும் நஞ்சுக்கொடியும் மஞ்சள் பையில் போய், முறைப்படி எரிக்கப்பட வேண்டும் அல்லது ஆழப் புதைக்கப்பட வேண்டும். குப்பையில் எறியக்கூடாது, யாருக்கும் விற்கக்கூடாது.

மூன்றாம் வழி, ஆராய்ச்சிக்காகச் சேர்த்து வைப்பது. இதற்குத் திசு வங்கி என்று பெயர். உயிருள்ள செல்களைக் காக்க வேண்டுமானால் திரவ நைட்ரஜனில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், வைப்பார்கள். அப்படி வைத்தது பல ஆண்டுகள் கெடாது. நாம் இருக்கிறோமோ இல்லையோ, நம் சதைத்துண்டு அங்கே இருக்கும்.

முதல் வழிக்கு நீங்கள் தந்த சம்மதம் மூன்றாம் வழிக்குச் செல்லாது. இந்த ஒன்றை மட்டும் இன்று மனதில் வாங்கிக்கொண்டு போனாலும் போதும். வைத்தியத்துக்குப் போட்ட கையெழுத்து வேறு, ஆராய்ச்சிக்குப் போடும் கையெழுத்து வேறு.

நம் மாநிலத்தில் நடந்த கதை

இது ஏன் முக்கியம் என்பதற்கு, சென்னையில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

1985-ஆம் ஆண்டுக் கடைசி. எய்ட்ஸ் என்ற நோய் அமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் அது கிடையாது என்றே பலர் நம்பினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் இதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். நிர்மலாவுக்கு அப்போது 32 வயது, கிராமத்துக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர், குழந்தைகளும் இருந்தன. முதலில் தயங்கினார். கணவர்தான் தைரியம் சொன்னார். பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்து விடுதியில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்தம் எடுக்க, கணவரே அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். பஸ் செலவு மிச்சமாகட்டும் என்று. கையுறையும் கிடையாது, பாதுகாப்புச் சாதனமும் கிடையாது. மூன்று மாதத்தில் 80 பேரிடம் இரத்தம் எடுத்துத் தெளிநீரைப் பிரித்தார். அதை எங்கே வைப்பது? தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்தார்.

1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியுமாக அவற்றை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சோதனையில் ஆறு பேருக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்தது தெரிந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி இருக்கிறது என்று நாடு முதன்முதலில் அறிந்தது இப்படித்தான். பிறகே இரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. இன்று உங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவத்தில் இரத்தம் ஏற்றும்போது பயமில்லாமல் ஏற்றுகிறோமே, அதற்குப் பின்னால் அந்த 80 பெண்களின் இரத்தம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெண்களுக்கு என்ன தெரியும்? எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. சாதாரணப் பால்வினை நோய்ச் சோதனை என்று நினைத்துக் கை நீட்டினார்கள். இதை டாக்டர் நிர்மலாவே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு நடந்ததுதான் வேதனை. எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த பெண்களை, தண்டனைக் காலம் முடிந்தும், வெளியே விடாமல் அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குப் போட்டு, 1990-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகே அவர்கள் விடுதலை ஆனார்கள்.

இந்தக் கதையில் கெட்டவர் என்று எவரையும் நான் காட்ட வரவில்லை. அந்தத் தம்பதி செய்தது பெரிய சேவை. அன்று இது பற்றித் தனிச் சட்டமும் இல்லை. ஆனாலும் ஒரு பாடம் இருக்கிறது. எடுத்த இரத்தத்தால் நாட்டுக்கே நன்மை வந்தது. கொடுத்தவருக்கு வந்தது பூட்டிய கதவு. நன்மை பெரிது என்பதற்காகக் கொடுத்தவரிடம் சொல்லாமல் இருந்துவிட முடியுமா? முடியாது என்று இன்று சட்டமே சொல்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் எவருக்கும் அந்தச் சோதனையோ, அது பற்றிய ஆராய்ச்சியோ செய்யக்கூடாது.

வெளிநாட்டில் நடந்த இரண்டு

நம் நாட்டில் மட்டும் என்று எண்ண வேண்டாம். 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஆஸ்பத்திரிக்கு ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் வந்தார். புகையிலை விவசாயக் குடும்பம், ஐந்து பிள்ளைகளின் தாய். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். வைத்தியத்தின்போது எடுத்த சதைத்துண்டு, அவரைக் கேட்காமலே ஆராய்ச்சிக்குப் போனது. 31 வயதில் அவர் இறந்துவிட்டார். அவருடைய செல்கள் சாகவில்லை. கண்ணாடிக் குப்பியில் பெருகிக்கொண்டே போயின. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைச் சோதிக்க அந்தச் செல்கள்தாம் உதவின. உங்கள் குழந்தைக்குப் போலியோ சொட்டு விட்டீர்களே, அந்தத் தாய்க்கு நாமும் கடன்பட்டவர்கள். ஆனால் அவர் குடும்பத்துக்கு இந்த விஷயம் தெரிய வந்தது இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. அந்தச் செல்களை விற்றுப் பணம் பார்த்த நிறுவனம் ஒன்று, 2023-ல்தான் குடும்பத்தாரோடு சமரசம் செய்துகொண்டது.

இன்னொன்று. அமெரிக்காவில் ஹவசுபாய் என்ற சிறு பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய். அதை ஆராய்வதாகச் சொல்லி 1990 முதல் ஒரு பல்கலைக்கழகத்தார் இரத்தம் எடுத்தார்கள். மக்களும் நம்பிக் கொடுத்தார்கள். பின்னாளில் பார்த்தால், அதே இரத்தத்தை வைத்து மனநோய் பற்றியும், உறவுக்குள் மணம் முடிப்பது பற்றியும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள் என்பது பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். மக்கள் மனம் புண்பட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் ஏழு லட்சம் டாலர் கொடுத்து, மீதமிருந்த இரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

இது என்ன பிழை என்று நம் ஊர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம். மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுகிறோம். காய் குத்தகைக்காரருக்கு. அதற்காக மரத்தை வெட்டி விறகு விற்க அவருக்கு உரிமை உண்டா? எதற்கு விட்டோமோ அதற்கு மட்டுந்தான். இரத்தமும் அப்படித்தான்.

நம் நாட்டில் விதி என்ன?

இங்கிலாந்தில், ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குச் சொல்லாமல் எடுத்து வைத்தது வெளிப்பட்டுப் பெரிய கொந்தளிப்பு ஏற்பட்டது. அதன் பிறகு 2004-ல் மனிதத் திசுவுக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் ஆராய்ச்சிக்கான திசு வங்கிகளுக்கென்று அப்படி ஒரே சட்டம் இல்லை. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் சிகிச்சைக்காக உறுப்பும் திசுவும் கொடுப்பது பற்றியது. விலைக்கு விற்பதை அது குற்றமாக்குகிறது. ஆராய்ச்சிக்கு வழிகாட்டுவது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள். 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் விதிகளின்படி, ஆராய்ச்சி நடத்தும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அரசிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். சட்டம் தெரிந்தவர் ஒருவர், நம்மைப் போன்ற சாதாரணப் பொதுமகன் ஒருவர் இருப்பார்கள்; தலைவர் வெளியாளாக இருப்பார்.

அந்த நெறிமுறைகளில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

கொடுத்த திசுவுக்கு உடைமைக்காரர் கொடுத்தவரே. வங்கி வெறும் காவல்காரர்.

விவரத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். நம் பகுதியில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் நிறையப் பேர். உங்களுக்கு எது புரியுமோ அதில் கேளுங்கள். பெங்களூரில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ படிவம் கொடுத்தால், "தமிழில் சொல்லுங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதானால், ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத, படித்த ஒரு சாட்சி உடனிருந்து விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

"வேண்டாம்" என்று சொன்னாலும் உங்கள் வைத்தியம் குறையக்கூடாது. முதலில் சரி என்று சொல்லிப் பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெறலாம். ஆனால் பெயரும் அடையாளமும் முழுவதும் நீக்கப்பட்ட பிறகு எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க இயலாது. ஆகவே யோசிப்பதை முதலிலேயே யோசியுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனை முடிந்து மீந்த திசுவை, அடையாளம் நீக்கி ஆராய, நெறிமுறைக் குழு சில சமயம் தனி ஒப்புதல் இல்லாமலும் அனுமதிக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது குழு. தனி ஒரு டாக்டரோ, லேப்காரரோ தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மனைவியின் சம்மதம் மனைவியுடையது

இப்போது ஆண்களைப் பார்த்து ஒரு வார்த்தை. "அவளுக்கு என்ன தெரியும், நான் போடுறேன் கையெழுத்து" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. மாமியார் போடுவதும் உண்டு. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அது செல்லாது.

டெல்லியில் 1995-ல் ஒரு பெண், வயிற்றுக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் சோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயாரிடம் கேட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் சம்மதம் ஆகாது; வயது வந்த, சுயபுத்தியுள்ள ஒருவருக்காக வேறொருவர் சம்மதம் தர முடியாது; உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு. இதுதான் தீர்ப்பின் சாரம். இழப்பீடும் கொடுக்கச் சொன்னார்கள்.

பெற்ற தாயாரின் சம்மதமே செல்லாது என்றால், கணவர் சம்மதமும் அப்படித்தானே? ஆபரேஷனுக்கே இப்படி என்றால், எடுத்ததை ஆராய்ச்சிக்கு வைப்பதற்கு எவ்வளவு கேட்க வேண்டும்? கணவர் பக்கத்தில் இருங்கள், படித்துக் காட்டுங்கள், சேர்ந்து யோசியுங்கள். கையெழுத்தை அவர் போடட்டும். உங்கள் உடம்புக்கு நீங்கள் போடுங்கள்.

தொப்புள்கொடி விஷயம்

இங்கே கர்ப்பிணிகள் பலர் இருக்கிறீர்கள். ஆகவே இதைத் தனியாகச் சொல்கிறேன். தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவது நம் வழக்கம். இதைச் சொல்லியே சிலர் வியாபாரம் செய்கிறார்கள். "அந்தக் காலத்துப் பெரியவங்களே சேமிச்சு வச்சாங்க, நீங்களும் கொடி இரத்தத்தைச் சேமிச்சு வைங்க, பிள்ளைக்குப் பின்னாடி எந்த நோய் வந்தாலும் உதவும்" என்பார்கள். தாயத்து பாசத்தின் அடையாளம். காய்ந்த கொடியில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. அதையும் இதையும் முடிச்சுப் போட வேண்டாம்.

கொடி இரத்தம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. 1988-ல் பாரிஸ் நகரில், கடுமையான இரத்த நோய் உள்ள ஒரு சிறுவனுக்கு, அவன் தங்கை பிறந்தபோது எடுத்த கொடி இரத்தத்தைச் செலுத்திப் பிழைக்க வைத்தார்கள். அங்கே கொடுத்தது ஒரு பிள்ளை, பெற்றது இன்னொரு பிள்ளை. தன் கொடி இரத்தம் தனக்கே பயன்படுவது மிக மிக அரிது. ஏனென்றால் பிறவி நோய் என்றால் அதன் குறை அந்த இரத்தத்திலும் இருக்கும். ஆகவே தன் சொந்த உபயோகத்துக்கென்று காசு கொடுத்துச் சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படும் நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால், நகையை அடகு வைத்து அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை பிறந்ததும் கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை பொறுத்து வெட்டினால், அந்த இரத்தம் பிள்ளைக்கே போய்ச் சேரும். இரும்புச் சத்து கூடும், சோகை குறையும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை இது. கொடி இரத்தத்துக்கு முதல் சொந்தக்காரர் பிறந்த குழந்தை. ஆராய்ச்சிக்கோ வங்கிக்கோ எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த முடிவை ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே இருவரும் பேசி முடித்துவிடுங்கள். வலி எடுத்துக் கிடக்கும் பெண்ணிடம் காகிதத்தை நீட்டுவது முறையல்ல. நீட்டினால், "இப்ப வேண்டாம்" என்று கணவர் தடுத்துச் சொல்லலாம். அதற்கு உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

அப்படியானால் கொடுக்கவே கூடாதா?

அப்படிப் புரிந்துகொண்டு போய்விடாதீர்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. கொடுங்கள், தெரிந்து கொடுங்கள்.

நம் பக்கத்துக் கோலார் மாவட்டத்தில் ஸ்ரீனிவாசபுரம் இருக்கிறது. நம்மைப் போலவே மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். அங்குள்ள கிராமங்களில் 45 வயது தாண்டியவர்களைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆராய்ச்சி மையத்தார் 2018 முதல் பரிசோதித்துவருகிறார்கள். பத்தாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பது திட்டம். இரத்தமும் எடுக்கிறார்கள். வயதானால் ஞாபகம் ஏன் மங்குகிறது, யாருக்கு மங்குவதில்லை என்று அறியத்தான். இதில் சேருபவர்கள் நம்மைப் போன்ற கிராமத்து மக்கள்தாம்.

அரியானாவில் குருகிராம் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் கர்ப்பிணிகளிடம் 2015 முதல் ஒப்புதல் பெற்று, இரத்தம், நஞ்சுக்கொடி போன்றவற்றைச் சேமித்து, குறைமாதப் பிரசவம் ஏன் நேருகிறது என்று ஆராய்கிறார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண்களின் ஸ்கேன் விவரங்களைக் கொண்டு, 2024-ல் சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாத் ஆராய்ச்சி நிலையமும் நம் நாட்டுக் கருவின் வயதைச் சரியாகக் கணிக்கும் முறையைக் கண்டுபிடித்தன. அதற்கு முன் வெள்ளைக்காரக் குழந்தைகளை அளந்து போட்ட கணக்கை வைத்தே நம் பிள்ளைகளின் வயதைச் சொல்லிவந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலேயே தேசியப் புற்றுநோய்த் திசு வங்கியும் இருக்கிறது. நம் மக்களின் திசு இல்லாமல் நம் மக்களின் நோய்க்கு மருந்து எப்படிக் கிடைக்கும்?

கண் தானம் செய்கிறோம். இரத்த தானம் செய்கிறோம். இதுவும் அந்த வகைத் தானமே. தானம் என்றால் கொடுப்பவருக்குத் தெரிந்து கொடுப்பது. தெரியாமல் எடுத்துக்கொள்வதற்குத் தானம் என்று பெயர் இல்லை.

வீட்டுக்குள் ஓர் எச்சரிக்கை

இரத்தத்தில் மரபணு இருக்கிறது. உங்கள் இரத்தம் உங்கள் கதையை மட்டும் சொல்லாது. அண்ணன் தம்பி, பிள்ளை குட்டி கதையையும் சேர்த்துச் சொல்லும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் பழக்கமுள்ள நம் ஊரில் இது இன்னும் பெரிய விஷயம். ஆகவே ஆராய்ச்சிக்குப் போகும் குப்பியில் பெயருக்குப் பதில் எண்தான் இருக்க வேண்டும். முடிவை உங்கள் அனுமதியில்லாமல் வெளியில் சொல்லக்கூடாது.

வெளியார் காக்க வேண்டிய ரகசியத்தை வீட்டாரும் காக்க வேண்டும். சோதனையில் மனைவிக்கு ஒரு குறை தெரிந்தால், "உங்க வம்சத்து இரத்தமே சரியில்லை" என்று மாமியார் வீட்டில் ஏசுவதும், திருப்பி அனுப்புவதும் பெரும் பாவம். பல பிறவி நோய்கள் தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு சேர்ந்தால்தான் வரும். பழியை ஒருவர் தலையில் போட விஞ்ஞானத்தில் இடமில்லை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. இது என் வைத்தியத்துக்கா, ஆராய்ச்சிக்கா?

2. என்ன எடுக்கிறீர்கள், எவ்வளவு எடுக்கிறீர்கள்?

3. இந்த ஓர் ஆராய்ச்சிக்கு மட்டுமா, பின்னால் வேறு எதற்கும் பயன்படுத்துவீர்களா? பின்னால் என்றால் என்னை மறுபடி கேட்பீர்களா?

4. எங்கே, எத்தனை காலம் வைப்பீர்கள்? வேறு நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகுமா?

5. என் பெயர் யாருக்குத் தெரியும்? எனக்கு நோய் இருப்பது தெரிந்தால் என்னிடம் சொல்வீர்களா?

6. வேண்டாம் என்றால் வைத்தியம் தொடருமா? பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும்?

7. நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா? படிவத்தின் ஒரு நகல் எனக்குக் கிடைக்குமா?

ஏழையும் மனப்பாடம் செய்ய முடியாவிட்டால் மூன்றைக் கேளுங்கள்: எதற்கு? எங்கே? வேண்டாம் என்றால்?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். உட்காரவைத்துப் பதில் சொல்வார். பதில் சொல்ல நேரமில்லை என்று ஒருவர் சொன்னால், "அப்ப கையெழுத்துக்கும் நேரமில்லைங்க, யோசிச்சுச் சொல்றோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வைத்தியத்தை நிறுத்துவேன் என்று மிரட்டினால் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடமோ நெறிமுறைக் குழுவிடமோ புகார் சொல்லலாம். வழி தெரியாவிட்டால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காகிதத்தைக் காட்டுங்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறோம்.

சென்னையில் 80 பெண்கள் கை நீட்டினார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. "இது எதற்கம்மா?" என்று கேட்கும் இடத்தில் அவர்கள் இருக்கவில்லை, கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் கணவனும் மனைவியும் பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீடாக இருந்தால் இந்தத் துண்டுப் பிரசுரத்தைத் தாய்சேய் நல அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை காகிதம் நீட்டப்படும்போது கையில் பேனா வாங்குவதற்கு முன் வாயைத் திறந்து கேளுங்கள்.